பன்னிரண்டு டிகிரி

நிமிர்ந்து நிற்கும் எழுத்து
நின்றுபோன வண்டி மாதிரி இருக்கிறதாம்.
மேசையில் கையை ஊன்றிச் சொன்னார் சென்னியப்பன் அண்ணன்:
"தடியா வேணும் அம்மணி, வெசையா வேணும்.
மூலை கீலை எதும் குத்தக் கூடாது.
வெள்ளகோயில் முக்குல வண்டி திரும்பறப்பவே
காங்கயம் ரோட்டுல நிக்கறவன் படிச்சுப்போடோணும்."

செல்லாண்டி.
ஐந்தே எழுத்து.

கரூர் வெங்கமேட்டு ஷெட்டில்
கண்ணாடி இன்னும் போடாத பஸ்
பிரைமர் சாம்பலில் நிற்கிறது.
நான் கம்ப்யூட்டர் முன்னால் அதன் பெயருக்குச்
சதை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ல-வும் லா-வும் கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொண்டன
விருந்துக்கு வந்த ஒரம்பரை மாதிரி.
மூன்று சுழி ண அப்படியில்லை.
கோடு பருக்கப் பருக்க
சுழிகள் தூர்ந்த கிணறாக மூடிக்கொள்கின்றன.
வெளியே இடம் கிடையாது, உள்ளேதான் சுரண்ட வேண்டும்.
ஒரு மயிரிழை. இன்னொரு மயிரிழை.
எழுந்து கதவு வரை போய்த் திரும்பிப் பார்.
மறுபடி வந்து உட்கார்.

ட தான் எதிரி.
எல்லாரும் வளைந்து கொடுக்கும் ஊரில்
அது மட்டும் கொத்தனாரின் மூலைமட்டம்.
உருட்டினேன். ஹாக்கி மட்டை.
இன்னும் உருட்டினேன். வாழைப்பழம்.
பிளாட்டரில் ரோல் மாட்டிக்கொண்டிருந்த நவநீதன் எட்டிப் பார்த்து
"பழமுதிர் நிலையமாக்கா?" என்றான்.
கடைசியில் வெளிமூலையை மட்டும் உருட்டி
உள்மூலையைத் தொடாமல் விட்டேன்.
கோபம் உள்ளே இருக்கட்டும்.

பிறகு சாய்த்தேன்.
பத்து டிகிரியில் யோசிக்கிறது,
பதினைந்தில் விழுகிறது.
பன்னிரண்டு.
புள்ளிகளைத் தனியாகப் பிடித்து முன்னால் தள்ளினேன்.
உடம்பு சாய்ந்தபின் புள்ளி பழைய இடத்திலேயே நின்றால்
தலை ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம்.

டிரைவர் பக்கம் ஒட்டினோம்.
நிற்கிற பஸ் ஓடியது.

அக்கட்டப் பக்கம், படிக்கட்டுப் பக்கம்,
ஒட்டி முடித்து டேப்பை உரித்த பிறகுதான்
அண்ணன் கேட்டார்:
"ஏனுங் அம்மணி, இது ரிவர்ஸ்ல போவுது?"

தமிழ் இடமிருந்து வலம் போகிறது.
இந்தப் பக்கம் பஸ் வலமிருந்து இடம் போகிறது.
நடுவில் மாட்டிக்கொண்ட செல்லாண்டி
குதிகாலை ஊன்றி, வரமாட்டேன் என்கிறாள்.
எனக்கு முன்னமே தெரிந்திருக்க வேண்டும்.
நாலு வருடம் லாரிக் கதவுகள் மட்டுமே செய்தவளுக்கு
நாற்பது அடி நீளத்தில்தான் உறைத்தது.

ராத்திரி பத்தரை வரை
எதிர்ப்பக்கம் சாய்த்துப் பார்த்தேன்.
இல்லாத சுவரில் கொம்பு முதுகைச் சாய்க்க
மீதி எல்லாம் அதன்மேல் சரிந்தன.
பந்தியில் இருந்து எழுந்தவர்கள் மாதிரி.
வெசையும் இல்லை, வாசிக்கவும் முடியவில்லை.
அழித்தேன்.

காலையில் சொன்னேன்:
"அண்ணா, டிரைவர் பக்கம் எதுத்தாப்ல வர்றவனுக்கு.
அவனுக்கு வெசை போதும்.
இந்தப் பக்கம் ஏறறவங்களுக்கு.
ஒருத்தர் பையத் தூக்கிட்டு ஓடியாறப்ப
வண்டி இப்படித்தான சாயோணும்?"

கொஞ்ச நேரம் எழுத்தைப் பார்த்தார்,
கொஞ்ச நேரம் என்னை.
"நின்னு நின்னு போனா டீசல் உங்கொப்பனா போடுவாரு?"
பிறகு, "செரி, உடு."

நான் நினைத்துச் செய்ததல்ல அது.
தப்புக்குப் பொருள் கண்டுபிடித்தேன், அவ்வளவுதான்.
பொருளும் தடியாகத்தான் இருந்தது.

அன்று தென்னிலை வரை டவுன் பஸ்ஸில் போகையில்
பக்கத்துச் சீட்டுச் சிறுமி என் முழங்கையைத் தொட்டு
"இதென்னக்கா?" என்றாள்.
சிவப்பாய், கண்ணீர்த்துளி அளவில்
இரண்டு ஸ்டிக்கர் துண்டு.
ண-வின் சுழிகளுக்குள்ளிருந்து உரித்தெடுத்தவை.
அங்கே இருக்கவே கூடாதவை.

ஒன்றை அவள் நகத்தில் ஒட்டிவிட்டேன்.
நேராக ஒட்டவில்லை.